பகலில் பார்த்தேன், ராத்திரியைக் கேட்கவில்லை

முதியோர் இல்லம் பார்க்கப் போகிறவர்கள் எல்லாருமே ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குத்தான் போவோம். நானும் அப்படித்தான் போனேன். வாசலில் பிள்ளையார், பக்கத்தில் துளசி மாடம், வேப்பமரத்தடியில் சிமெண்ட் பெஞ்சு, அதில் வெள்ளை வேட்டியில் நாலு பெரியவர்கள். மதியத்துக்கு அரிசிம்பருப்பு, மேலே ஒரு கரண்டி நெய். 'நம்மூர்ச் சோறு போடறாங்க, அம்மா இருந்துக்கும்' என்று மனசு அங்கேயே முடிவு பண்ணிவிட்டது. ஏழு மாதம் கழித்து அதே வாசல் வழியாக அம்மாவை ஸ்ட்ரெச்சரில் வெளியே கொண்டுவந்தேன். ஆபரேஷன், புண் வைத்தியம், திரும்பி வராத டெபாசிட், எனக்குப் போன சம்பளம் எல்லாம் சேர்த்து நாலு லட்சத்துச் சொச்சம் போயிருந்தது. அம்மாவின் நடை போனது அந்தக் கணக்கில் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டிருக்க வேண்டியது ஒரே கேள்வி: ராத்திரி பத்து மணியிலிருந்து விடியக்காலை ஆறு மணி வரைக்கும் இந்தக் கட்டடத்தில் எத்தனை பேர் முழித்திருப்பார்கள்?

அம்மாவுக்கு 78 வயது. இருபது வருசச் சர்க்கரை, இரண்டு வேளை இன்சுலின், வாக்கர் பிடித்து நடப்பார். காங்கேயம் பக்கம் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்தார். 2024 நவம்பரில் பல்லடம் பக்கத்திலும் 2025-இல் சிவகிரி பக்கத்திலும் தோட்டத்து வீடுகளில் பெரியவர்களைக் கொன்றுபோட்ட செய்தி வந்த பிறகு, எங்கள் ஒறம்பரையில் அந்த மாதிரித் தனியாக இருந்த யாரையும் யாரும் அங்கே விட்டுவைக்கத் துணியவில்லை. திருப்பூரில் எங்களுடையது மாடி வீடு, இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். ஏஜென்சி மூலம் ஆள் வைத்தோம், நாலு மாதத்தில் நாலு பேர் மாறினார்கள். அப்புறம்தான் இல்லம்.

கோயமுத்தூரைச் சுற்றி இன்றைக்கு முதியோருக்கான இடங்கள் எக்கச்சக்கம். ஆனால் போர்டில் எல்லாம் ஒரே மாதிரி எழுதியிருந்தாலும் உள்ளே வெவ்வேறு சமாச்சாரம். ஓய்வு பெற்றவர்கள் வீடு வாங்கியோ வாடகைக்கோ குடியிருக்கும் வளாகங்கள் ஒரு வகை. அங்கே சாப்பாடும் வீடு கூட்டித் துடைப்பதும் கிடைக்கும், படுத்துவிட்டால் ஆளை நாம்தான் வைக்க வேண்டும். மாதக் கட்டணம் வாங்கி அறை கொடுக்கும் இல்லங்கள் இன்னொரு வகை. ஆதரவற்றோருக்கான இலவச இல்லங்கள் தனி. படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்வதற்கென்றே நர்சுகளோடு நடத்துகிற மையங்கள் நாலாவது. நான் சேர்த்தது இரண்டாவது வகை. அம்மாவுக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில். 'நாளைக்கு இவங்க நடக்க முடியாமப் போனா இங்கயே வச்சுக்குவீங்களா, அப்ப மாசம் எவ்வளவு, தூக்கித் திருப்ப எத்தனை பேர்?' என்று சேர்க்கும் அன்றைக்கே கேட்டு, பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். 'பாத்துக்கலாங்க' என்பது பதில் இல்லை.

காகிதங்களை நான் கேட்கவே இல்லை. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இல்லம் பதிவாகியிருக்கிறதா, சமையலறைக்கு உணவுப் பாதுகாப்புத் துறைச் சான்று இருக்கிறதா, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று இருக்கிறதா, இந்த மூன்றும் எந்தத் தேதி வரை செல்லும் என்று பார்க்க வேண்டும். ஆபீஸ் சுவரில் மாட்டியிருப்பதைப் படித்தாலே பாதி தெரிந்துவிடும். நான் பார்த்த சுவரில் ஒரு மந்திரியோடு எடுத்த போட்டோதான் இருந்தது. ஒப்பந்தம் பதினோரு பக்கம். டெபாசிட் ஒரு லட்சம், மாதம் 24,000. 'உள்ளே நேரும் விபத்துகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற வரிக்குக் கீழேயும் கையெழுத்துப் போட்டேன். அப்படி ஒரு வரி இருப்பதாலேயே அவர்கள் கவனக்குறைவுக்கு வழக்குப் போடும் உரிமை போய்விடாது என்று வக்கீல் பிறகு சொன்னார். டெபாசிட்டில் எதற்கெல்லாம் பிடிப்பார்கள், காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்கும் முழுக் கட்டணமா, இந்த மூன்றையும் மட்டுமாவது படித்திருக்க வேண்டும். எனக்கு டெபாசிட்டில் 40,000 திரும்பி வந்தது. மீதி 60,000 'நோட்டீஸ் பீரியட், பெயிண்டிங், ஸ்பெஷல் கேர்' என்று போய்விட்டது.

யூனிபார்ம் போட்டவர்கள் எல்லாரையும் அங்கே 'சிஸ்டர்' என்றே கூப்பிடுவார்கள். அதில் யார் நர்ஸ் என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோ மூன்று வருசப் படிப்பு, ஏ.என்.எம். என்கிற துணை நர்ஸ் படிப்பு இரண்டு வருசம். படித்தவர்களுக்கு நர்சிங் கவுன்சில் பதிவு எண் இருக்கும். எங்கள் இல்லத்தில் 22 பேருக்குப் பகலில் ஒரு ஏ.என்.எம்., நாலு உதவியாளர்கள். அந்த ஏ.என்.எம். பொழுதோட ஆறு மணிக்குப் பஸ் ஏறிவிடுவார். ராத்திரிக்கு ஒடிசாவிலிருந்து வந்த இருபது வயசுப் பொண்ணு ஒருத்தியும், கேட்டில் வாட்ச்மேனும். இது எனக்கு அஞ்சாவது மாதம்தான் தெரிந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். திருப்பி, நனைந்திருந்தால் டயபர் மாற்றி, துடைத்து, தலையணை வைக்க ஒருவருக்குப் பத்து நிமிஷம், அதுவும் இரண்டு பேர் பிடித்தால். எட்டுப் பேர் அப்படி இருந்தால் 80 நிமிஷம். ஒவ்வொரு 120 நிமிஷத்திலும் 80 நிமிஷம் இரண்டு ஆட்கள் இடுப்பு நிமிராமல் வேலை செய்ய வேண்டும். அங்கே இருந்ததோ ஒருத்தி, அதுவும் பகலிலும் பாத்திரம் கழுவியவள். அவளைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. அவளுக்குத் தெரிந்த தமிழ் நாலே வார்த்தை: சாப்பிடு, தூங்கு, இரு, வேண்டாம். அம்மா 'மேலுக்கு முடியல சாமி' என்றால் அவளுக்கு என்ன புரியும்? தண்ணீர், பாத்ரூம், வலி, குளிர் என்று நாலு படம் வரைந்த ஒரு அட்டையைக் கட்டில் பக்கத்தில் கட்டிவிட்டேன். செலவே இல்லாமல் உருப்படியாக நான் செய்த காரியம் அது ஒன்றுதான். முதல் மாதமே செய்திருக்க வேண்டும்.

முதலில் கண்ணில் பட்டது எடை. சேர்க்கும்போது 48 கிலோ. இரண்டு மாதம் கழித்து வளையல் முழங்கை வரை ஏறுகிறதே என்று எடை மிஷினில் நிறுத்தினால் 44.500. ஒரு மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதத்தில் 10 சதவீதமோ தானாக எடை குறைந்தால் அது 'வயசாச்சுல்ல' என்று விடுகிற விஷயமல்ல, டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம். அம்மா விஷயத்தில் காரணம் சப்பையானது. பல்செட் கழற்றி வைத்த டப்பா எங்கேயோ மாறிப்போயிருந்தது. மூன்று வாரமாகச் சப்பாத்தியைப் பிய்த்துப் பார்த்துவிட்டு வைத்திருக்கிறார். தட்டை எடுத்தவர்களுக்கு 'பாட்டி சரியாச் சாப்பிடறதில்ல' என்பதோடு சரி. பல்செட், காது மிஷின், கண்ணாடி மூன்றிலும் பெயர் எழுதிக் கொடுங்கள். பல்செட்டில் பெயர் பொறிக்கப் பல் டாக்டரிடமே கேட்கலாம். போகிற நேரத்தைச் சாப்பாட்டு நேரமாக வைத்துக்கொண்டு, உட்கார வைத்து ஊட்டுகிறார்களா, படுக்க வைத்து ஊட்டுகிறார்களா என்று பாருங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு, அதற்கப்புறமும் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சோறு மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். எல்லா அறையிலும் டம்ளர் இருக்கும், ஆனால் ஜன்னல் திட்டில் இருக்கும்.

ஆடிப் பதினெட்டு அன்று கச்சாயம் சுட்டு எடுத்துக்கொண்டு வெடியால எட்டு மணிக்கெல்லாம் போய்விட்டேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினால் 'ம்' என்றார், கண் திறக்கவில்லை. நைட்டி முதுகுப் பக்கம் தொப்பலாக நனைந்திருந்தது. 'ராத்திரி சரியாத் தூங்கலீங்க, இப்பத்தான் அசந்து தூங்கறாங்க' என்றார்கள். எனக்கு அந்த வேர்வை பிடிக்கவில்லை. சர்க்கரை பார்க்கச் சொன்னேன். 52. ஆறரைக்கு ஊசி போட்டாயிற்று. சமையல்காரர் வரத் தாமதம், டிபன் இன்னும் வரவில்லை. அம்மா போடுவது 30/70 கலவை இன்சுலின், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டியது. போட்டு ஒன்றரை மணி நேரம் வெறும் வயிறு. 70-க்குக் கீழே போனாலே ஆபத்து. விழுங்கும் நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ஏறவில்லையென்றால் இன்னொருமுறை. நினைவே இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, நேராக 108. வயசானவர்களுக்கு இது தூக்கம் மாதிரியும் உளறல் மாதிரியும் பக்கவாதம் மாதிரியும்கூடத் தெரியும். அதனால் சர்க்கரைக்காரர் எப்படி மாறித் தெரிந்தாலும் முதலில் விரலைக் குத்திப் பார்த்துவிட வேண்டும். அங்கே எழுதி ஒட்டச் சொன்னது இவ்வளவுதான்: 'தட்டு கண்ணுக்குத் தெரிந்த பிறகு ஊசி.' அரை மணிக் கணக்கெல்லாம் சமையலறை நேரத்துக்கு நடக்கும் இடத்துக்குத்தான். அது நடக்காத இடத்தில் என்ன செய்வது, மருந்தையே மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இன்சுலின் பற்றி இன்னொன்று. நம் ஊரில் குப்பியில் வருவது பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. இன்சுலின் பேனாவில் வருவதும் சில குப்பிகளும் 100 யூனிட், அந்தக் குப்பிகளுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போகும். பல பேருடைய குப்பிகள் ஒரே பிரிட்ஜில் இருக்கும் இடத்தில் இது நடக்கச் சாத்தியம் உண்டு. குப்பியையும் அதற்கான சிரிஞ்சையும் ஒரே டப்பாவில் போட்டு, மேலே பெயர், அளவு, குப்பி திறந்த தேதி எழுதிக் கொடுங்கள். திறந்த குப்பி 28 நாளைக்குத்தான். பிரிட்ஜில் வைக்கலாம், ப்ரீசரில் உறைந்த மருந்தைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

அன்றைக்குத்தான் குளுக்கோமீட்டரின் மெமரியை அழுத்திப் பார்க்கத் தோன்றியது. நோட்டில் தினமும் காலை ஏழு மணி: 142, 138, 140, 144, 139. முத்து முத்தான கையெழுத்து, ஒரு நாள் விடவில்லை. மெஷினுக்குள் அந்த மாதத்தில் மொத்தமே ஒன்பது தடவைதான் பார்த்ததாக இருந்தது. அதில் ஒன்று 268. ஆனால் ஐம்பது ஸ்ட்ரிப் டப்பா ஒன்று அந்த மாத பில்லில் இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அங்கேயே கத்தியிருக்கலாம். அம்மாவை அங்கேயே விட்டுவிட்டுத்தானே பஸ் ஏற வேண்டும் என்ற பயத்தில் மெதுவாகக் கேட்டேன். இல்லத்தில் ஆளை விட்டிருப்பவர்கள் எல்லாருக்கும் இந்தப் பயம் தெரியும். பெரும்பாலான குளுக்கோமீட்டர்களில் தேதி நேரத்தோடு மெமரி இருக்கும். நீங்கள் வாங்கிக் கொடுக்கும் மெஷினில் தேதியைச் சரியாக வைத்துக் கொடுங்கள், போகும்போதெல்லாம் நோட்டோடு ஒப்பிடுங்கள். டயபருக்கும் ஒரு வழி இருக்கிறது. ஒட்டும் பட்டையில் மாற்றிய நேரத்தைப் பேனாவால் எழுதச் சொல்லலாம். நான் சொல்லாமலே ஒரு நாள் பொழுதோட எழுதிவிட்டு வந்து, மறுநாள் காலை தங்கச்சியைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். அதே எழுத்து, அதே டயபர், மூன்று கிலோ கனம் இருக்கும் என்றாள். மாதம் 120 டயபருக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தோம்.

அப்போதே கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்று இப்போது சொல்வது சுலபம். இடம் மாற்றினால் அம்மாவுக்கும் அலைச்சல், டெபாசிட் போய்விடும், வேறு இடம் மட்டும் எப்படியோ என்று தள்ளிப்போட்டேன்.

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி அம்மா விழுந்தார். எனக்குப் போன் வந்தது காலை 7:10-க்கு. 'பாட்டி லேசா வழுக்கிட்டாங்க, தைலம் தேச்சு விட்டிருக்கோம்.' கேமராவில் பிறகு பார்த்தபோது விழுந்த நேரம் 2:40. நாலரை மணி நேரம். வாட்ச்மேனும் அந்தப் பொண்ணும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிக் கட்டிலில் போட்டிருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தபோது இடது கால் கொஞ்சம் குட்டையாக, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. அப்படி ஒரு கால் கிடந்தால் இடுப்பெலும்பு முறிவுதான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நிற்க வைத்துப் பார்க்கக்கூடாது, உருவி விடக்கூடாது, தைலம் கூடாது. கிடந்த இடத்திலேயே போர்வை போர்த்தி, கால் அசையாமல் இரண்டு பக்கமும் தலையணை வைத்து, 108-க்கு அடிக்க வேண்டும். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கலாம் என்பதால் சாப்பிடக் கொடுக்கவும் கூடாது. தலை அடிபட்டிருந்து ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். இடுப்பு முறிவுக்கு உடம்பு இடம் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் முடிப்பது நல்லது என்று எலும்பு டாக்டர்கள் சொல்வார்கள், தள்ளத் தள்ள நிமோனியா, படுக்கைப் புண், ரத்தக்கட்டு என்று வரிசையாக வரும். எங்களுக்கு ஆபரேஷனும் ஆறு நாள் ஆஸ்பத்திரியும் 2,20,000.

ஏன் விழுந்தார் என்று தேடினால் ஒரு காரணம் இல்லை, ஐந்து. பாத்ரூம் அறைக்கு வெளியே, பதினைந்து அடி தள்ளி. வழியில் இருந்த பல்பு ப்யூஸ் போய் ஒரு வாரம். தரையில் வழவழப்பான டைல்ஸ், மழைச் சாரல். பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை, துண்டு போடும் ஸ்டாண்டைப் பிடித்திருக்கிறார், அது கையோடு வந்துவிட்டது. கூப்பிடும் மணி இருந்தது, அது கட்டில் தலைமாட்டுச் சுவரில், படுத்திருப்பவருக்கு எட்டாத உயரத்தில். ஆறாவதும் ஒன்று இருந்தது. எந்த மருந்து எந்த வேளைக்கு என்று எழுதி வைக்கும் மருந்து அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, எங்கள் டாக்டர் சீட்டில் இல்லாத, தூக்கம் வரவைக்கும் அல்பிரசோலம் ராத்திரிக்கு அரை மாத்திரை என்று சேர்த்திருந்தார்கள். 'ராத்திரியில கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க, மத்தவங்களுக்குத் தூக்கம் கெடுது.' டாக்டர் சீட்டில்லாமல் விற்கவே கூடாத மாத்திரை அது. பெரியவர்களுக்கு அதைக் கொடுத்தால் ராத்திரி எழுந்திருக்கும்போது தள்ளாட்டம்தான் முதலில் வரும். ஆள் குறைவாக இருக்கும் இடத்தில் மாத்திரை ஆள் வேலை பார்க்கும். மாதம் ஒருமுறை மருந்து அட்டையை போனில் போட்டோ எடுத்து, உங்கள் சீட்டோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். பகலில் அதிகம் தூங்கினாலும் பேச்சு குழறினாலும் அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இதற்கெல்லாம் பிறகும் அம்மாவை அங்கேயே திருப்பிக் கொண்டுபோய் விட்டேன். எழுதவே கூசுகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் என்று சொன்னது சனிக்கிழமை மதியம், கையில் வேறு இடம் இல்லை. 'ஸ்பெஷல் கேர்' என்று மாதம் 6,000 கூடக் கேட்டார்கள், படுக்கைப் புண் வராமல் இருக்கப் பம்ப் வைத்துக் காற்றடிக்கும் ஏர் பெட் நான் வாங்கிக் கொடுத்தேன். மூன்றாவது வாரம் ரூமுக்குள் போனதும் ஒரு வாடை. திருப்பிப் பார்த்தால் வால் எலும்புக்கு மேலே ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்குக் கறுப்பு, ஓரத்தில் ஈரம். ஏர் பெட் தட்டையாகக் கிடந்தது. பம்ப்பின் பிளக் பிடுங்கித் தரையில் கிடக்க, அந்த சாக்கெட்டில் ஒரு போன் சார்ஜர் செருகியிருந்தது. அறைக்கு ஒரே ஒரு சாக்கெட்.

படுக்கைப் புண் ஒரே நாளில் குழி ஆகாது. முதலில் சிவக்கும். அந்தச் சிவப்பை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்பச் சிவந்தால் இன்னும் ரத்தம் ஓடுகிறது, வெளுக்கவே இல்லையென்றால் புண் தொடங்கிவிட்டது. நம் கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது. தொட்டால் சுற்று இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ கொழகொழப்பாகவோ இருப்பதுதான் அடையாளம். வால் எலும்பு, இடுப்பு இரு பக்கம், குதிகால், கணுக்கால், முழங்கை, பின்மண்டை, இந்த இடங்களைத் தினமும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்து விடவே கூடாது, தேய்த்தால் உள்ளே நைந்துபோகும். நடுவில் ஓட்டை வைத்த காற்றுத் தலையணையும் வேண்டாம், சுற்று இடத்தின் ரத்த ஓட்டத்தை அது நெரிக்கும். முழுசாக ஒருக்களித்துப் படுக்கவைத்தால் இடுப்பெலும்பில் புண் வரும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வாக வைத்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் அந்தரத்தில் நிற்கும். தலைப் பக்கத்தை உயர்த்தியே வைத்திருந்தால் உடம்பு சரிந்து சரிந்து வால் எலும்புத் தோல் இழுபடும். சாப்பாட்டு நேரம் தவிர 30 டிகிரிக்கு மேல் வேண்டாம்.

ஏர் பெட் போட்டுவிட்டால் திருப்ப வேண்டாம் என்று கடைக்காரரே சொல்வார், நம்பாதீர்கள். பம்ப்பில் எடைக்குத் தக்க வைக்கும் திருகு இருக்கும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஆள் படுத்திருக்கும்போது இடுப்புக்கு நேராக மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை விட்டுப் பாருங்கள். எலும்பு உங்கள் கையில் இடித்தால் காற்று போதாது, ஒரு அங்குலமாவது காற்று நடுவில் இருக்க வேண்டும். மேலே ஒரே ஒரு பருத்தி விரிப்பு, அதுவும் தளர்வாக. பிளாஸ்டிக் ஷீட், போர்வை, இன்னொரு ஷீட் என்று அடுக்கினால் பம்ப்புக்குக் கொடுத்த காசு தண்டம். புண் ஆறத் தோலுக்கு உள்ளிருந்து சத்து வேண்டும், கிட்னி சரியாக இருந்தால் முட்டையும் பருப்பும் கூட்டிக் கொடுக்கச் சொல்வார்கள். அம்மாவுக்கு இரண்டு மாதம் கட்டு மாற்றியதில் 68,000 ஆனது.

அன்றைக்கே கிளம்பவில்லை. இந்த முறை கொஞ்சம் புத்தியோடு நடந்துகொண்டேன். புண்ணை ஒரு ஸ்கேல் வைத்து போட்டோ, பிடுங்கிக் கிடந்த பிளக் போட்டோ, மருந்து அட்டை, சர்க்கரை நோட்டு, மெஷின் மெமரி எல்லாம் போட்டோ. விழுந்த ராத்திரி கேமரா பதிவைக் கேட்டு ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தேன். கேமராப் பதிவு சில வாரத்தில் மேலேயே பதிந்து அழிந்துவிடும், அதை மட்டும் நாள் கடத்தக்கூடாது. புகாரை வாயால் சொல்லாமல் மெயிலில் எழுதினேன். பிறகு கலெக்டர் ஆபீசில் மாவட்ட சமூக நல அலுவலரிடம் மனு. முதியோருக்கான உதவி எண் 14567-இல் பேசினால் எங்கே போக வேண்டும் என்று பொறுமையாகச் சொல்கிறார்கள். ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) தலைமையில் இருக்கும் தீர்ப்பாயத்துக்குப் போகச் சொல்லிப் பலர் சொன்னார்கள். 2007-ஆம் வருச முதியோர் பராமரிப்புச் சட்டப்படி அது பிள்ளைகளிடம் பராமரிப்புச் செலவு கேட்பதற்கும், பார்த்துக்கொள்வதாகச் சொல்லிச் சொத்தை எழுதி வாங்கி ஏமாற்றியதை ரத்து செய்வதற்கும்தான். இல்லத்தின் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையம்தான் இடம். நடந்து இரண்டு வருசத்துக்குள் போட வேண்டும், கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலும் போடலாம். மாதாமாதம் பணம் கட்டிய ரசீதுதான் அங்கே அடிப்படை. ரொக்கமாகக் கொடுத்து 'சிட்டையில எழுதிக்கறோங்க' என்று சொன்ன மாதங்களுக்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

இரண்டாவது இடத்தைத் தேடும்போது புதன்கிழமை ராத்திரி எட்டே முக்காலுக்குப் போனோம். இரண்டு இடத்தில் கேட்டையே திறக்கவில்லை, அதுவும் ஒரு பதில்தான். ஒரு இடத்தில் மாடி முழுக்கப் படுக்கையாளர்கள், படிக்கட்டுக் கிரில்லில் வெளியிலிருந்து பூட்டு, சாவி வாட்ச்மேன் இடுப்பில். தீப்பிடித்தால் என்ன கதி என்று கேட்டேன், 'அதெல்லாம் பிடிக்காதுங்க' என்றார். இன்னொரு இடத்தில் பினாயில் நெடி மூக்கைத் துளைத்தது. ஐந்தாவதாகப் பெருந்துறைப் பக்கம் பார்த்த இடத்தில் கேட்டுக்கு வந்த நர்சம்மா முகத்தைச் சுளித்தார். 'இந்நேரத்துல வந்தா எப்படீங்க, மாத்திரை குடுக்கற நேரம்' என்றார். ஆனால் செருப்பைக் கழற்றிக் கை கழுவிவிட்டு வரச் சொல்லி உள்ளே விட்டார். படுக்கையாளர்கள் எல்லாரும் கீழ்த்தளம். வீல்சேர் நுழைகிற அகலத்தில் கதவு, சாய்தளம் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் திறக்கிறது, உள்ளே விழுந்தால் ஆள் கதவை அடைத்துக் கிடக்காது. தீயணைப்பு சிலிண்டரில் நிரப்பிய தேதி அந்த வருசம். 18 பேருக்கு ராத்திரி மூன்று பேர், அதில் ஒருவர் ஜி.என்.எம். மாதம் 31,000. பார்க்க அழகான இடம் இல்லை. துளசி மாடமெல்லாம் கிடையாது, சுவரில் ஈரப் பூசணம் வேறு. சாப்பாட்டுக்கு உப்பு பத்தவில்லை என்று அம்மா இப்போதும் குறை சொல்கிறார்.

கட்டில் கால்மாட்டில் ஒரு அட்டை தொங்குகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கட்டம், இடது, வலது, மல்லாக்க என்று எழுதிக் கையெழுத்து. போன வாரம் போனபோது வழக்கம்போல அதை போட்டோ எடுத்தேன். செவ்வாய்க்கிழமை ராத்திரி 2:00 கட்டத்தில் கையெழுத்து இல்லை, பக்கத்தில் கோணல்மாணலாக ஒரு வரி: 'கரண்ட் போச்சு, 7-ஆம் நம்பருக்கு வாந்தி. 2:35-க்குத்தான் திருப்பினேன்.' எடை 43.200. 'அம்மிணி, அந்தக் கண்ணாடிய எடுத்துக் குடு, ராத்திரி எந்தப் பொண்ணு வந்தாங்கறத நான் படிச்சுச் சொல்றேன்' என்றார் அம்மா.